பட்டணத்துப் பங்காளிகளுக்கு ஓர் அரைப்புள்ளி எழுதுவது

அன்புள்ள பங்காளிகளுக்கு,

சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருந்துகொண்டு செட்டிநாட்டில் ஒரு பங்கு வீடும் வைத்திருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எங்கள் வளவுக்காரர்கள், அதாவது எங்கள் வீட்டுப் பங்காளிகள், மட்டும் படித்தால் போதும் என்றால் குடும்பக் குழுவிலேயே போட்டிருப்பேன். அங்கே போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கைகூப்பின பொம்மை நாலு வரும். அதற்குக் கீழே யாராவது முருகன் படத்தோடு காலை வணக்கம் போடுவார்கள். அதோடு என் பேச்சு மேலே போய்விடும்.

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நமக்கு எழுபதுக்கு மேல் ஊர் இருக்கிறது, எந்த ஊரை நினைத்துக்கொண்டு படித்தாலும் கதை பெரிதாக மாறாது. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. பங்கு 11. குடியிருப்பது நான் ஒருத்தி.

போன பொங்கலுக்கு வந்தபோது பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று முடிவு எடுத்தீர்கள். வீட்டில் இருக்கிற இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிடுவது, ஏனென்றால் பிள்ளைகள் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றின தாழ்வாரத்தில், உட்கார்ந்து கேம் விளையாடி வீட்டின் லட்சணமே போய்விட்டதாம். இரண்டாங்கட்டில் நான் பலகாரம் போட்டு விற்பதை நிறுத்துவது. ஓடு மாற்றுவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வது. எல்லாரும் கை தூக்கினீர்கள். என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு, “ஆச்சி, நீங்க அரைப்புள்ளிதானே” என்றார் ஒரு தம்பி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வெளியார் யாராவது படித்தால் புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். கல்யாணமான தம்பதி எங்களில் ஒரு புள்ளி. கோயில் வரியெல்லாம் புள்ளிக் கணக்குத்தான். நாட்டரசன்கோட்டையில் தை மாதம் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறபோதும் புள்ளிக்கு ஒரு பானை. தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரைப்புள்ளி. எங்கள் வீட்டுச் செட்டியார் போய் 6 வருஷம் ஆகிறது. வரியில் பாதி கட்டினால் போதும் என்பது சலுகை, அதை வைத்தவர்களைக் கும்பிடுகிறேன். வாயிலும் பாதி திறந்தால் போதும் என்று எந்த ஐயா எழுதிவைத்தார்?

நான் ஊர்ப்பெருமை பேச வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 24 வருஷம் மேற்கு மாம்பலத்தில் இருந்தவள். எனக்குப் பட்டணம் பிடிக்கும். சாயங்காலம் ரங்கநாதன் தெரு நெரிசலில் நடந்தால், நான் யார் வீட்டு மருமகள், எங்கே போகிறேன், ஏன் இந்தப் புடவை என்று ஒரு ஆள் கேட்க மாட்டான். அந்தச் சுகம் ஊரில் பிறந்து வளர்ந்த பெண்களுக்குத்தான் தெரியும். ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. இங்கே வலித்தால் முதலில் முகப்புக் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கதவைத் திறக்கிற தெம்பு இருந்தால் ஆஸ்பத்திரியே தேவையில்லை.

ஆகையால், “ஊர்தான் ஆச்சி சொர்க்கம், நாங்கள்லாம் அங்கே நரகத்துல கிடக்கிறோம்” என்று சொல்லாதீர்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் வருகிறீர்கள். அதில் தப்பில்லை. நம் ஐயாமார்கள் மட்டும் என்ன, ஊரிலேயா இருந்தார்கள்? ரங்கூன், சைகோன், பினாங்கு என்று கொண்டுவிற்கப் போனார்கள். கடைக்கு ஆளாகப் போனவர் 3 வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். வந்தால் கொஞ்ச நாள். வீட்டில் இல்லாத மனிதர்கள் கட்டிய வீடுகள்தான் இவை. ஆனால் அவர்கள் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். சாவிக்கொத்தை வீட்டுப் பெண்பிள்ளைகள் இடுப்பில் விட்டுப் போனார்கள். எந்த அறையில் என்ன வைப்பது என்று ரங்கூனிலிருந்து யாரும் கை தூக்கி முடிவு செய்யவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்களுக்கு இந்த வீடு நின்றது என்றால், யாரோ ஒரு அப்பத்தா ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம்.

ஓட்டுக்கே வருகிறேன்.

நீங்கள் குடியிருக்கிற அடுக்குமாடியில் மாதம் பிறந்தால் மெயின்டனன்ஸ் கட்டுகிறீர்கள். லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டுகிறீர்கள். மாம்பலத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில், இரண்டு மாதம் கட்டாதவர் பெயரைப் படிக்கட்டுப் பக்கத்துப் பலகையில் எழுதிவிடுவார்கள், அந்த மானத்துக்குப் பயந்தே எல்லாரும் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுவோம். 850 சதுர அடிக்கு அப்படிப் பயப்படுகிற அதே மனிதர், இங்கே ஏக்கர் கணக்கில் கூரை இருக்கிற வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் என்றதும், “அது பூர்வீகம்ல ஆச்சி, அதுக்குப் போய் கணக்குப் பார்க்கலாமா” என்கிறார். பூர்வீகம் என்கிற வார்த்தைக்கு ஓடு ஒழுகாது என்று எண்ணம் போலிருக்கிறது.

கூரை எப்படிக் கெடுகிறது என்று தெரியுமா? மயில் வந்து உட்காரும். அழகாகத்தான் இருக்கும், நீங்கள் வந்தால் படம் எடுப்பீர்கள். அது எழுந்து பறக்கும்போது ஓடு ஒன்று நழுவும். நழுவின ஓட்டைப் பார்த்து உடனே ஏற்றி வைத்தால் கதை முடிந்தது. வைக்காவிட்டால் ஐப்பசி மழை அந்த ஒரு விரல் இடைவெளியில் இறங்கி, நேரே உத்தரத்தில் நிற்கும். பர்மா தேக்குதான், நூறு வருஷம் தாங்கின மரம்தான். மேலே தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் அதுவும் மரம்தானே. உத்தரம் இற்றால் சுவர் நனையும், சுண்ணாம்புப் பூச்சு உப்பும். அப்புறம் ஒருநாள் நீங்கள் வந்து அண்ணாந்து பார்த்து, “இனி தேறாது, பிரிச்சுக் கொடுத்துரலாம்” என்பீர்கள். பிரித்த வீட்டின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை எல்லாம் ஒரு காலத்தில் ஒரு ஓட்டுக்கு ஆள் இல்லாமல் போன வீடுகள். செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது குழுவில் எத்தனை பட்டாசுப் பொம்மை வந்தது என்று எனக்குச் சொன்னார்கள். யுனெஸ்கோ வந்து ஏணி போடாது தம்பி.

இப்போது கேம் விஷயம். இதில்தான் எனக்கு உங்கள் மேல் நிஜமாகவே கோபம்.

என் பேரனுக்கு 11 வயது, பெங்களூரில் படிக்கிறான். அவன் விளையாடுவது மைன்கிராஃப்ட். 2011-ல் வெளிவந்தது, 30 கோடிக்கு மேல் விற்றிருக்கிற விளையாட்டு. அதில் சுடுவது குத்துவதெல்லாம் ஓரமாகத்தான். கட்டை கட்டையாக அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம், ஒரு கட்டை ஒரு மீட்டர் என்று கணக்கு. போன வருஷம் மே லீவில் வந்தவன் வளவில் குப்புறப் படுத்துக்கொண்டு அதில் நம் வீட்டைக் கட்ட ஆரம்பித்தான். திரும்பிப் போன பிறகும் விடவில்லை. ராத்திரி வீடியோவில் கூப்பிட்டு, “அப்பத்தா, வளவுல எத்தனை தூண்?” என்றான். 16 என்றேன். கல்யாணமாகி வந்து 38 வருஷம் சுற்றி வந்த வளவு, எனக்குத் தெரியாதா? “எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க” என்றான். போனைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். 18. சுவரோடு ஒட்டின இரண்டை நான் ஒரு நாளும் தூணாகவே பார்த்ததில்லை.

பிறகு தூணுக்கும் தூணுக்கும் எவ்வளவு தூரம் என்றான். முழம் போட்டுச் சொன்னேன், அவன் மீட்டராக்கிக்கொண்டான். தரைக்கு ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்வார்கள் என்றான். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் சாயக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு, ஊறவைத்து எடுத்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும் என்றேன். ஒரு நாள் மூச்சு வாங்கக் கூப்பிட்டான்: “அப்பத்தா, நம்ம வீட்டுத் தகரம் மாதிரியே இதுவும் பச்சையாயிருச்சு!” அந்த விளையாட்டில் செம்புக் கட்டை என்று ஒன்று இருக்கிறது, வைத்து நாளானால் அதுவே பச்சை பூத்துவிடும். வளவைச் சுற்றிக் கூரை விளிம்பில் ஓடுகிற தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறான். “அது தகரம் இல்லடா, செம்பு” என்றேன். அவன் சும்மா இருந்துவிட்டு, “அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன்” என்றான்.

அடுத்த கேள்வி மழை. விளையாட்டில் மழை பெய்தால் முற்றத்தில் தண்ணீர் தேங்காதாம். நம் வீட்டில் தண்ணீர் எங்கே போகும்? நாலு பக்கத்துச் சரிவும் வளவைப் பார்த்தே இருப்பதை, செம்பு வழி இறங்குகிற தண்ணீரை அண்டாவில் பிடிப்பதை, மிச்சம் தரைக்கடியில் ஓடி வெளியேறி வாரியில் விழுந்து ஊரணிக்குப் போகிறதைச் சொன்னேன். வளவு மூலையில் இருக்கிற துவாரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். கூரையையும் நாலு மூலையிலும் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான், “வடமேற்கு மூலையில மட்டும் மரம் கறுப்பா இருக்கே, நானும் அங்கே கறுப்புக் கட்டை போடவா?”

நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏணி போட்டு ஆளை ஏற்றிப் பார்த்தேன். நாலு ஓடு இல்லை. உத்தரத்தின் தலைப்பு விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

11 பங்கில் ஒருவருக்கும் தெரியாத ஒழுகலைக் கண்டுபிடித்தது பெங்களூரில் கேம் விளையாடுகிற ஒரு பையன். அதற்கு வழி செய்தது நீங்கள் துண்டிக்கச் சொல்கிற அந்த இணைப்பு.

வளவில் விளையாடினால் லட்சணம் கெடும் என்கிறீர்கள். முகப்புத் திண்ணையில் தாயக்கட்டம் கீறியிருக்கிறதே, அதைக் கீறியவர் யார்? கல்யாண வீட்டில் மூன்று நாளும் மேல்மாடியில் ஜமக்காளம் விரித்துச் சீட்டாடியவர்கள் யார்? காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க நம் மாநிலத்தில் 2022-ல் சட்டம் போட்டார்கள். 2025-ல் மத்திய அரசும் காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. அந்தச் சட்டம் வந்தபோது நம் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது எந்தப் பிள்ளையுடைய அம்மாவும் இல்லை. அன்றைக்குக் கை தூக்கின பெரியவர்களில் ஒருவருடைய மனைவி. அவர் ரம்மியில் விட்ட பணத்தில் வீடு முழுக்க ஓடு மாற்றியிருக்கலாம். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

விடிய விடிய போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கெடும், நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் ராத்திரி 10 மணிக்கு அந்த இன்டர்நெட் பெட்டியை அணைத்துவிடுகிறேன். சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது.

பலகாரத்துக்கு வருவோம். நம் வீட்டு ஆச்சி தேன்குழலும் மாவுருண்டையும் சீப்புச் சீடையும் போட்டு விற்பது கௌரவக் குறைச்சல் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நம் ஐயாமார்கள் வட்டிக்கு விட்டதும் வியாபாரம், உப்பு விற்றதும் வியாபாரம், முறுக்கு விற்பது மட்டும் எப்படிக் குறைச்சலாச்சு? முறைப்படி பதிவு செய்துதான் நடத்துகிறேன். இரண்டு பெண்கள் சம்பளத்துக்கு வருகிறார்கள். இந்த வீட்டு மின்கட்டணத்தை நாலு வருஷமாகக் கட்டுவது அந்தத் தேன்குழல் அச்சுதான்.

இதையே பட்டணத்தில் பலகையில் ‘செட்டிநாடு’ என்று எழுதிப் போட்டால் வரிசையில் நின்று சாப்பிடுகிறீர்கள். போன தடவை சென்னை போனபோது என் மகன் ஆசையாக ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். வந்தது எல்லாம் சிவப்பு. குழம்பு சிவப்பு, வறுவல் சிவப்பு, காளான் கூடச் சிவப்பு. கண்ணில் தண்ணீர் வந்தால் செட்டிநாடு என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டு அடுப்படியில் வாரத்தில் பாதி நாள் மண்டியும் இளங்குழம்பும் கோசமல்லியும்தானே? அரிசி கழுவின தண்ணீரில் வெண்டைக்காய் மண்டி வைத்துவிட்டுச் செட்டிநாடு என்றால் அந்தக் கடைக்காரர் நம்ப மாட்டார். கல்பாசியும் அன்னாசிப்பூவும் நம் கரட்டு மண்ணில் விளைந்ததா என்ன? கப்பலிலும் மலையிலுமிருந்து வந்த சரக்கு, அதனால் அளந்துதான் போட்டார்கள்.

சிவப்பு என்றதும் வெள்ளைப் பணியாரம் ஞாபகம் வருகிறது. டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தை நிற்கும் மட்டும் குவிக்க வேண்டும். அவ்வளவுதான் அளவு, அந்த உளுந்து சரிந்து விழுகிற இடத்தில் நிறுத்து என்பார்கள் என் மாமியார். இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, உப்பு, துளி சர்க்கரை. எண்ணெயில் ஒரு நேரத்தில் ஒரு கரண்டி மாவுதான் ஊற்றலாம். ஊற்றினதும் கை வைக்கக் கூடாது, அதுவாக மேலே வரும். வந்ததும் எண்ணெயைச் சாரணிக் கரண்டியால் அள்ளி மேலே தெளித்தால் உப்பும். ஓரம் லேசாகச் சிவந்தாலும் அந்தப் பணியாரம் போச்சு. வேலைக்காரப் பெண்ணுக்கும் கொடுக்கக் கூசுவார்கள் மாமியார். சிவக்காமல் எடுக்கிற கைக்குத்தான் இங்கே பெயர்.

அரசியலைப் பற்றி அதிகம் எழுத ஆசையில்லை, நீங்களே நிறைய எழுதுகிறீர்கள். டெல்லியில் யார் வர வேண்டும், கோட்டையில் யார் வரக் கூடாது என்று ராத்திரி 12 மணிக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறி, காலையில் மறுபடி சேர்கிறீர்கள். 2025 ஜனவரியில் நம் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேட்பதற்கு நாங்கள் ஓட்டுப் போட்ட ஆள் இல்லாமல் போனார். அந்த மாதம் முழுக்கக் குழுவைப் புரட்டிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனபோது எல்லாரும் பெருமைப்பட்டீர்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதில் சேர மாட்டோம் என்று ஏன் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பலகாரம் இடிக்க வருகிற பெண் சொன்னாள்: “நூறு நாள் வேலை ஊராட்சிக்குத்தானே ஆச்சி, டவுனாயிட்டா அது போயிரும், வரி மட்டும் வந்துரும்.” ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஓட்டு இங்கே இருக்கிறது. உங்களுக்கு வேளச்சேரியில் இருக்கிறது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊராட்சியை ஆளலாம், பட்டாலையில் கை தூக்கக் கூடாது என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நான் கேட்பது இதுதான். இந்த வீட்டை உங்கள் அடுக்குமாடியைப் போல நடத்துங்கள். தெய்வமாக வைத்துக் கும்பிட வேண்டாம். பங்குக்கு மாதம் 500 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள். கட்டாதவர் பெயரை நானும் எழுதி முகப்பில் மாட்டுவேன், வருகிற போகிற சுற்றுலாக்காரர்கள் வேறு படம் எடுக்கிறார்கள். குடியிருப்பவருக்கு முழு ஓட்டு, புள்ளி எதுவானாலும். கூட்டத்துக்கு வர முடியாதவர் வீடியோவில் வாருங்கள், அதற்காகவாவது இணைப்பு இருக்கட்டும். வீட்டை விற்பதா, ஹோட்டலுக்கு விடுவதா என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். பேச வருகிறவர் முதலில் வளவுத் தூண் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள். விடையை மேலே எழுதித் தொலைத்துவிட்டேன், பரவாயில்லை, மேல்மாடித் தூணைக் கேட்கிறேன்.

உங்கள் ஓட்டுக்கு நான் காத்திருக்கவில்லை. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, வருகிற புதன்கிழமை வடமேற்கு மூலையைப் பிரிக்கிறார். உத்தரத்தில் இற்ற தலைப்பை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டுப்போட முடியுமா என்று தச்சர் பார்த்துச் சொல்வார். ரசீதுகளைப் பேரன் கணக்குப் போட்டு அனுப்புவான்.

முன்னோருக்கு வைக்கிற படைப்புக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மட்டும் இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள். கைகூப்பின பொம்மை வேண்டாம், எண்ணிக்கை வேண்டும். உளுந்து ஊறப்போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆச்சி